சேலத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மலேசிய, இலங்கைத் தமிழர்களுக்கு

படிப்புக்கோ வேலைக்கோ சேலம் வந்து இறங்கியிருக்கிறீர்கள். பேச்சு புரியும், ஊர்தான் சட்டென்று பிடிபடாது. மேப்பை வைத்துக்கொண்டு சுற்றினால் பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், ஐந்து ரோடு என்று நெரிசலைத்தான் பார்ப்பீர்கள். இங்கே ஆள் பழகினால்தான் ஊர் பழகும். அதற்கு நான் சொல்லும் இடம் தட்டுவடை செட் கடை.

சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி நிற்கும். தட்டுவடை என்றால் மொறுமொறு தட்டை; இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி. கடைகடையாக ருசி பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரே வண்டிக்கு, ஒரே நேரத்துக்கு, கையில் சில்லறையோடு போங்கள். முகம் பழகியதும் அந்த அக்காவே கேட்பார்: "எந்தூருங்க தம்பி?"

கிள்ளான் என்றோ ஹட்டன் என்றோ சொன்னால் விடமாட்டார்கள். அடுத்த கேள்வி பூர்வீகம். தாத்தா 'சேலம் ஜில்லா' என்று சொல்லியிருந்தால் அதைச் சொல்லுங்கள், ஆனால் அது இன்றைய சேலமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டமாகப் பிரிந்துபோயின. அரூரா, ராசிபுரமா, பரமத்தி வேலூரா என்று பக்கத்தில் தின்றுகொண்டிருப்பவர்களே உங்களுக்காகச் சண்டை போடுவார்கள். ஒருவர் அங்கேயே மச்சானுக்குப் போன் அடிப்பார். அந்தச் சண்டையில் கிடைக்கும் சிநேகம் எந்த விடுதி நண்பர் வட்டத்தையும்விட நீடிக்கும். குலதெய்வக் கோயில் பெயர் தெரிந்திருந்தால் இன்னும் வேகம். வீட்டுக்குப் போன் செய்து கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆச்சா, சம்பளம் எவ்வளவு என்பதும் வரும். வம்பு இல்லை, வழக்கம். "ஏதோ ஓடுதுங்க" போதும்.

இப்படிப் பழகியவர்தான் உங்களைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு செய்யும் வீட்டுக்குக் கூட்டிப்போவார். பற்றவைப்பதும் மெருகேற்றுவதும் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும். வெள்ளி புழங்கும் இடம் என்பதால் தெரியாத ஆளாக எட்டிப் பார்க்காதீர்கள். அம்மாபேட்டைத் தறிவீடுகளும் அப்படித்தான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் எல்லாப் பேட்டையிலும் கொண்டாட்டம், ஒரே நாளில் இரண்டு மூன்று வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். வயிற்றில் இடம் வைத்துப் போங்கள்.

ஏற்காட்டுக்குக் காரில் போகாதீர்கள். வாரநாளில் பஸ்ஸில் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்துவிடுவார். மலைவாசிகளான மலையாளிகள் கேரளத்தவர் அல்லர், பேசுவது தமிழ்தான். சேர்வராயன் கோயிலுக்கு மே மாதத் திருவிழாவில் அவர்களோடு போய்ப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் போனால் காப்பிப்பழம் பறிப்பதைப் பார்க்கலாம். அங்கே லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனையில் செல்ஃபி எடுத்துத் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் ஏறவேண்டியதில்லை என்பது என் கட்சி.

பழகிய சில வாரத்திலேயே யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டுவார்கள். தயங்காமல் போங்கள். மொய்க்கு 201 அல்லது 501, அந்த ஒரு ரூபாயை மறக்கவேண்டாம். நோட்டு எழுதுபவர் ஊர்ப் பெயரைத்தான் முதலில் கேட்பார். ஈப்போ என்றால் இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கும்.