திரையில் இனவெறியர், அரங்கில் நாம்: படத்துக்குப் பிந்திய உரையாடலை நடத்தும் முறை

பாளையங்கோட்டைக் கல்லூரி அரங்கிலோ, அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர் வட்டத்திலோ இனவெறி கொண்ட பாத்திரம் ஒன்றை மையமாகக் கொண்ட படத்தைத் திரையிட்டுப் பேச விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய உரையாடல் பெரும்பாலும் பத்தே நிமிடத்தில் "இனவெறி தவறு" என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பாத்திரம் பேசியபோது அரங்கில் இருந்தவர்களுக்குள் என்ன நடந்தது என்பது அதில் வெளிப்படுவதே இல்லை. அதை வெளிக்கொணர்வதுதான் ஒருங்கிணைப்பாளரின் வேலை.

இயக்குநர் எண்ணியபடியே பார்வையாளர் பார்ப்பார் என்று முதலிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடர், ஆர்ச்சி பங்கர் என்ற முன்முடிவு மிகுந்த குடும்பத் தலைவரைக் கேலி செய்வதற்காக எழுதப்பட்டது. ஆனால் நீல் விட்மர், மில்டன் ரோகீச் ஆகிய ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வில், முன்முடிவு அதிகம் உள்ள பார்வையாளர்கள் ஆர்ச்சியைத் தம்மவராகவே கருதினர் என்பதும், அவர் பேச்சில்தான் பொருள் இருப்பதாக நினைத்தனர் என்பதும் தெரியவந்தன. அவ்வளவு தொலைவு போக வேண்டியதுமில்லை. நம் சீமையில் பிறந்த மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' 2023இல் வெளிவந்தபோது, பகத் பாசில் ஏற்றிருந்த சாதிவெறி கொண்ட அரசியல்வாதியின் காட்சிகளையே வெட்டி, சாதிப் பெருமைப் பாடல்களைச் சேர்த்துச் சமூக ஊடகங்களில் பலர் கொண்டாடினார்கள். 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் இனவெறிக் கும்பலையே நாயகர்களாகக் காட்டியிருந்தார்கள். அந்தக் கும்பலான, வெள்ளை இனவெறி அமைப்பு கு கிளக்ஸ் கிளான் அதே ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றதோடு, ஆள் சேர்க்கவும் அப்படத்தைப் பயன்படுத்தியது. ஆகவே நீங்கள் தேர்ந்த படம் வெறியரைத் தூக்கிப் பிடிக்கிறதா, அல்லது எதிர்க்கும் படமே பார்வையாளரின் கையில் திசை மாறுகிறதா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

ஆயத்தம் எளிது. படத்தை முன்னதாக இருமுறை பார்த்து, வெறுப்பு வெளிப்படும் நான்கைந்து காட்சிகளின் நேரத்தைக் குறித்து வையுங்கள். திரையிடும் உரிமையையும் தணிக்கைச் சான்றிதழையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வயது வந்தோருக்கு மட்டுமான படத்தைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டக் கூடாது.

படம் ஓடும்போது ஒருங்கிணைப்பாளர் கடைசி வரிசையில் உட்காராமல், முகங்கள் தெரியும்படி பக்கவாட்டில் உட்கார வேண்டும். சிரிப்பைக் குறிப்பது எளிது. அதன் பொருளைக் காண்பதுதான் கடினம். வெறியரின் அறியாமையைப் பார்த்து எழும் சிரிப்பும், அவர் பிறரை இழிவுபடுத்தும்போது அவரோடு சேர்ந்து எழும் சிரிப்பும், எங்கே பார்ப்பது என்று தெரியாத சங்கடச் சிரிப்பும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. எனவே எந்த வசனத்துக்குச் சிரிப்பு வந்தது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு, காரணத்தைப் பின்னர் அவர்களிடமே கேட்க வேண்டும். கைதட்டலுக்கும் விசிலுக்கும் இதுவே முறை. கலகலப்பாக இருந்த ஒரு வரிசை சட்டென்று அமைதியானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிந்தவுடன் யாரையும் பேச அழைக்காமல், ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து இரண்டு கேள்விகளுக்கு எழுதச் சொல்லுங்கள்: அந்தப் பாத்திரம் சொன்னது சரி என்று ஒரு கணமாவது தோன்றிய இடம் எது? பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிய இடம் எது? "பாத்திரம் பிடித்ததா?" என்று கேட்டால் எல்லோரும் பாதுகாப்பான விடையையே தருவார்கள். தாளில் பெயர் எழுத வேண்டாம். அறிமுகச் சுற்று வைத்தாலும் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்ற விசாரிப்பு எதை அறிவதற்காக என்பது திருநெல்வேலிக்காரர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாள்களைக் கலைத்து நீங்களே உரக்கப் படியுங்கள்.

அடுத்து, அதிகம் குறிப்பிடப்பட்ட காட்சியை மறுபடி ஓட்டுங்கள், ஆனால் ஒலியை நிறுத்திவிட்டு. பின்னணி இசையும் குரலின் கம்பீரமும் விலகிய பிறகு, கேமரா யாருடைய முகத்தில் தங்குகிறது, அடிபடுபவர் எத்தனை நொடி தெரிகிறார் என்பது கண்ணில் படும். 1998இல் வந்த 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' இதற்கு ஏற்ற பாடம். நாயகனின் வெறிபிடித்த கடந்தகாலம் அதில் கறுப்பு வெள்ளையில் வருகிறது. இனவெறியைக் கண்டிக்கும் படம்தான் எனினும், அந்தக் காட்சிகளில் எட்வர்ட் நார்ட்டனின் உடலைச் சிலைபோல் காட்டியிருப்பது கண்டனத்தின் வலுவைக் குறைக்கிறது என்பது என் கருத்து. வெறியர் திருந்தும் கதைகளில் இன்னொன்றையும் கேளுங்கள்: அவரை மன்னிக்கும் உரிமை படத்தில் யாருக்குத் தரப்பட்டது, பாதிக்கப்பட்டவருக்கா, நமக்கா?

சாதியைப் பற்றிய பேச்சை நீங்களாகத் தொடங்காவிட்டாலும் அது வந்தே தீரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதையும், அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு சாதி அடையாள வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்ததையும் அறிந்த மண் இது. அப்போது இரண்டு விதமாக நழுவுவார்கள். "அதெல்லாம் அமெரிக்காவில்தான்" என்பார் ஒருவர். "நிறமும் சாதியும் ஒன்றுதான், இதில் பேச என்ன இருக்கிறது" என்பார் மற்றொருவர். இருவரையும் திரும்பக் காட்சிக்கே அழைத்து வாருங்கள். அமெரிக்க வெறியர் தோலைப் பார்த்தே முடிவு செய்கிறார். இங்கே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பேசினால் ஒப்பீடு வெறும் சொல்லாக நின்றுவிடாது. இழிவை அனுபவித்தவர் தாமாகப் பேசினால் கேளுங்கள், "உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று எவரையும் சுட்டிக் கேட்கக் கூடாது.

பாத்திரத்தை வெளிப்படையாக ஆதரிப்பவரை அடக்கவும் வேண்டாம். எந்தக் காட்சி அவரை அப்படி நினைக்க வைத்தது என்று கேளுங்கள். பல நேரங்களில் நடிகரின் தோரணையைத்தான் அவர் சுட்டுவார், அங்கிருந்து பேச்சு நகரும். ஆனால் அரங்கில் உள்ள எந்தச் சமூகத்தையாவது இழித்துப் பேசத் தொடங்கினால், தயங்காமல் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

முடிந்தபின், எந்தக் காட்சிக்கு எத்தகைய எதிர்வினைகள் வந்தன என்பதை ஒரு பக்கத்தில் தொகுத்து வைத்தால், அதே படத்தை வேறொரு கூட்டத்துக்குத் திரையிடும்போது ஒப்பிட உதவும். துண்டுத்தாள்களை யாரும் கைப்பேசியில் படமெடுக்க விடாதீர்கள். கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தொகுத்து முடித்ததும் அவற்றைக் கிழித்துவிடுங்கள்.