ஊருக்குத் தெரியாமல் போதைச் சிகிச்சை: போனில் தொடங்குபவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

மதுரையில் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனால், டோக்கன் வாங்கி உட்காருவதற்குள் தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்துவிடும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் என்றால் பஸ் ஏறும்போதே "எங்கப்பா கிளம்பிட்ட?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் குடியை, கஞ்சாவை, வலி மாத்திரையை விட நினைப்பவர்கள் வீடியோ காலில் மருத்துவரைப் பார்ப்பது நல்ல வழிதான். சிக்கல் என்னவென்றால், ஊரிடம் மறைக்கிற பழக்கத்தில் மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள்.

முதல் பொய் அளவில் வரும். "எப்பவாச்சும் கொஞ்சம் சார்" என்பார்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினம் ஒன்றா, இரண்டா, காலையிலேயே கை நடுங்கி ஊற்றிக்கொள்கிறாரா என்பதை வைத்துத்தான் வீட்டிலிருந்தே சிகிச்சை தரலாமா, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்று முடிவாகும். நேரில் என்றால் மருத்துவர் நாடி பார்ப்பார், வாடையே காட்டிக்கொடுத்துவிடும். திரையில் அதெல்லாம் கிடையாது, நீங்கள் சொல்வதுதான் கணக்கு.

இதைவிடப் பெரிய ஆபத்து, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே "இன்னையோட விட்டாச்சு" என்று நிறுத்துவது. கோயிலில் கயிறு கட்டிய வேகத்தில் நிறுத்துபவர்களும் உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்புக்குக் கயிறு கட்டியது தெரியாது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத ஆள், இல்லாத பூச்சியெல்லாம் தெரியும். அது உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் வீடியோ காலுக்கு நேரம் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

எல்லா மருந்தும் போனிலேயே கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளைப் பொதுவாகத் தொலைவிலிருந்து எழுதித் தரக் கூடாது. நடுக்கத்துக்குத் தரும் டயஸெபாம், ஓபியாய்டு (அபின் வகைப் போதைப்பொருள், சில வலி மாத்திரைகள்) பழக்கத்துக்குத் தரும் புப்ரினார்ஃபின் எல்லாம் அதில் அடங்கும். "நேரில் வாங்க" என்று மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். எதையும் கேட்காமல் மாத்திரையைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். வழிகாட்டுதல்படி மருத்துவரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் குடியை நிறுத்தும் பொடி என்று வரும் இந்த 'சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' விளம்பரங்கள். பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் இருந்து, அவர் விஷயம் தெரியாமல் மது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும்; இதயமே பாதிக்கப்படலாம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

ரகசியத்துக்காகப் பொய்ப் பெயர் கொடுக்கவும் அவசியமில்லை. மருந்துச் சீட்டுக்கு உண்மையான பெயரும் வயதும் வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைச் சிகிச்சைக்கும் பொருந்தும். உயிராபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் தவிர உங்கள் விவரத்தை மருத்துவர் வெளியே சொல்ல முடியாது. விஷயம் கசிவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான்: பையன் கேம் விளையாடும் அதே போன், அண்ணன் எண்ணுக்கு வரும் பேங்க் எஸ்எம்எஸ், மொட்டை மாடியில் உரக்கப் பேசும் கால். குறுஞ்செய்தி எந்தப் பெயரில் வரும் என்று முன்பே கேட்டுக்கொண்டு, இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்காக வீட்டில் ஒருவருக்குக்கூடச் சொல்லாமல் தொடங்க வேண்டாம். ராத்திரி வலிப்பு வந்தால் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐயோ (டெலி மானஸ்), போதை மீட்புக்கான 14446-ஐயோ இலவசமாக அழைக்கலாம். தொடங்கிய பின் நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டு, என்ன சொல்வாரோ என்று மருத்துவரின் அடுத்த அழைப்பை எடுக்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். அந்த அழைப்பை எடுங்கள். எப்போது, எவ்வளவு, யாரோடு என்று சொன்னால் மருந்தையோ அளவையோ மருத்துவர் மாற்றிப் பார்ப்பார்.