‘கெட்’ வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

‘கெட்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதி தரும் பொருளையெல்லாம் மனப்பாடம் செய்து மாளாது. அதை அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்.

பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது அல்லது வாங்குவது: ‘ஐ காட் எ லெட்டர்’. பெயரடை வந்தால் நிலை மாறுவது: ‘ஹி காட் ஆங்ரி’ என்றால் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. இடப்பெயர் வந்தால் போய்ச் சேர்வது. ‘கெட் டு த ஸ்டேஷன்’ என்று நடுவில் ‘டு’ போட வேண்டும். ஹோம், ஹியர், தேர் ஆகியவற்றுக்கு முன்னால் மட்டும் அது கூடாது: ‘ஐ காட் ஹோம் அட் சிக்ஸ்’.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது, பிறரைக் கொண்டு வேலை செய்விக்கும் இடத்தில். சலூனுக்குப் போய்வந்து ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கத்தரிக்கோலை நீங்களே பிடித்ததாக அர்த்தம். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. வரிசை முக்கியம்: முதலில் ‘காட்’, பிறகு ‘மை ஹேர்’ போல எதன் மீது வேலை நடந்ததோ அது, கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். ‘ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்’ என்று வரிசை மாறினால் வாக்கியமே தவறு. ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்’ என்று சொல்லுங்கள். செய்தவரைக் குறிப்பிட்டால் ‘டு’ சேரும்: ‘ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட்’. ‘கெட்’டுக்குப் பதில் ‘மேக்’ போட்டால் அந்த ‘டு’ போய்விடும்.

பஸ், ரயில், விமானம் என்றால் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. காருக்கும் ஆட்டோவுக்கும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நம்மூர் பஸ்ஸில் ‘கெட் டவுன்’ எல்லோருக்கும் புரியும். லண்டனில் அப்படிச் சொன்னால் கீழே குனியச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

துணைச்சொல் சேர்ந்து பொருளே மாறுபவற்றை மட்டும் தனியாகப் படித்தாக வேண்டும். ‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ‘கெட் அவே வித்’ தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்புவது. ‘கெட் ரிட் ஆஃப்’ ஒழித்துக்கட்டுவது.

‘கெட் மேரிட்’டுக்குப் பின்னால் ‘வித்’ வராது, ‘டு’தான்.

‘கெட்’டின் மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’. அமெரிக்காவில் ‘காட்டன்’னும் உண்டு, அங்கே ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது, ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் வாங்கியிருக்கிறேன்.

அலுவலகக் கடிதங்களில் ‘கெட்’டைக் குறைத்து ரிசீவ், பிகம், அரைவ் என்று எழுதுவது நல்லது. பேச்சில் அப்படிச் செய்தால் விறைப்பாக ஒலிக்கும்.