குதிரையேற்றப் பயிற்றுநர் ஆக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாகச் சவாரி செய்பவரால் நன்றாகக் கற்றுக்கொடுக்கவும் முடியும் என்ற நம்பிக்கை, குதிரையேற்றப் பயிற்றுநர் தகுதிக்குத் தயாராகும் பெரும்பாலோரிடம் இருக்கிறது. பின்னால் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே பிறக்கின்றன. சவாரி செய்பவர் தன் இருக்கையின் வழியே உணர்வதை, பயிற்றுநர் தரையில் நின்றபடி கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததைச் சில விநாடிகளுக்குள் மாணவரின் உடலுக்குப் புரியும் சொல்லாக மாற்றவும் வேண்டும். போட்டிகளில் பரிசு வென்றவர்கள் சிலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். அவர்களுக்கு எல்லாம் இயல்பாகவே வந்துவிட்டதால், வராதவருக்கு ஏன் வரவில்லை என்று அவர்கள் யோசித்ததே இல்லை.

முதல் தவறு, எந்தத் தகுதி எங்கே செல்லும் என்று விசாரிக்காமல் படிப்பில் சேர்வது. இந்தத் தொழிலுக்கு உலகம் முழுவதற்குமான ஒரே உரிமம் இல்லை. பிரான்ஸில் ஊதியம் பெற்றுக்கொண்டு குதிரையேற்றம் கற்பிக்க, அரசு ஏற்ற சான்றிதழ் சட்டப்படி தேவை. பிரிட்டனிலோ தனிப் பயிற்றுநருக்கு அப்படி ஒரு சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் சவாரிப் பள்ளிகள் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும், வேலை கொடுப்போரும் காப்பீட்டு நிறுவனங்களும் பயிற்றுநரிடம் சான்றிதழ் கேட்கிறார்கள். அங்கே 1947இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி 1 முதல் 5 வரையிலான நிலைகளில் தேர்வு நடத்துகிறது. ஜெர்மனியின் தேசியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு டிரெய்னர் சி, பி, ஏ என்று வரிசைப்படுத்துகிறது. சில வார இறுதிகளில் முடிந்துவிடும் தனியார் படிப்பின் சான்றிதழை இவற்றுக்கு இணையாக எண்ணிப் பணம் கட்டுவதற்கு முன், தாம் வேலை செய்ய விரும்பும் நாட்டின் தேசியக் கூட்டமைப்பு அதை ஏற்கிறதா என்று எழுத்து மூலம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடுத்தது, லாயப் பணியைக் குறைத்து மதிப்பிடுவது. குதிரையை நுட்பமான, சீரான அசைவுகளுக்குப் பழக்கும் டிரெஸ்ஸாஜில் நாட்டம் உள்ளவர்கள் குறிப்பாக இதைச் செய்கிறார்கள். குளம்பைச் சுத்தம் செய்வதும் தீவனம் வைப்பதும் வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் வேலை என்பது அவர்கள் எண்ணம். தேர்வாளர்களோ அப்படி எண்ணுவதில்லை. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் என்பது தடுமாறாமல் வாயில் வர வேண்டிய செய்தி. குதிரையின் இரைப்பை உடல் அளவோடு ஒப்பிட்டால் சிறியது. அது நாள் முழுதும் சிறிது சிறிதாக மேய்வதற்கென அமைந்த விலங்கு. ஆகவே நீண்ட நேரம் பட்டினி போட்டுப் பிறகு தானியத்தைக் குவிப்பது வயிற்றுவலிக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் வழிவகுக்கும் என்பதைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அறிவு பாடம் நடத்தும்போது நேரடியாகவே உதவுகிறது. டிராட் எனும் மிதமான ஓட்டத்தில் செல்லும் குதிரையின் தலை ஒவ்வொரு இரண்டாம் அடியிலும் மேலே எழுந்தால், அது மாணவரின் கை செய்யும் தவறாக இருக்கலாம். ஒரு முன்கால் நோவதாகவும் இருக்கலாம். நோகும் முன்கால் தரையில் படும்போது தலை உயரும், நல்ல கால் படும்போது இறங்கும். இதைப் பிரித்தறியத் தெரியாத பயிற்றுநர், நொண்டும் குதிரையின் மேல் அமர்ந்திருக்கும் மாணவரிடம் கையைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டே பாடத்தை நடத்தி முடித்துவிடுவார்.

கற்பித்தலில் நேரும் பெரிய தவறு, கண்ணில் படுவதையே காரணமாக எடுத்துக்கொள்வது. புதிய மாணவர் டிராட்டில் செல்லும்போது அவருடைய கைகள் மேலும் கீழும் குதிக்கின்றன. பயிற்றுநராகப் பயில்பவர் உடனே, ‘கையை அசைக்காதீர்கள்’ என்கிறார். மாணவர் மணிக்கட்டை இறுக்குகிறார், முழங்கை பூட்டிக்கொள்கிறது, தோள் உயர்கிறது, குதிப்பு முன்பைவிட அதிகமாகிறது. சேணத்தில் உடல் எழுந்து தாழும்போது கை ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால், முழங்கை விரிந்து மடங்க வேண்டும். முழங்கை தளர வேண்டுமானால், மாணவர் சமநிலைக்காகக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காத அளவுக்கு அவர் இருக்கை உறுதியாக வேண்டும். எனவே திருத்தம் இடுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லாமல் போகலாம்.

‘குதிகாலைக் கீழே இறக்குங்கள்’ என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. பயிற்சிக்களங்களில் இதைவிட அதிகமாக ஒலிக்கும் கட்டளை இருக்குமா என்பது சந்தேகமே. அதைக் கேட்ட மாணவர் அங்கவடியை அழுத்தி மிதிக்கிறார். முழங்கால் நீண்டு விறைக்க, கீழ்க்கால் முன்னோக்கிப் போகிறது, உடல் பின்னால் சாய்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் குதிகால் கீழேதான் இருக்கும். ஆனால் காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகியவை ஒரே செங்குத்துக் கோட்டில் அமைய வேண்டும் என்ற அடிப்படை குலைந்திருக்கும். அங்கவடியின் நீளம் சரியா, தொடை இறுகியிருக்கிறதா, கணுக்கால் இயல்பிலேயே வளையாததா என்று முதலில் பார்ப்பவர்தான் சரியாகக் கற்பிப்பவர். மேலும், ஒரு சுற்றில் ஐந்து திருத்தங்களை அடுக்குவதால் எந்தப் பயனும் இல்லை. ஒன்றைச் சொல்லி, அதைச் செய்துபார்க்க அவகாசம் கொடுத்து, சரியாக வந்த அந்த நொடியில் ‘இதுதான்’ என்று சொல்லுவதே மாணவரின் உடலில் பதியும். குதிரையும் அப்படித்தான் கற்கிறது: அழுத்தத்தால் அன்று, சரியாகச் செய்த கணத்தில் அழுத்தம் விலகுவதால்.

டிரெஸ்ஸாஜ் கற்பிக்க முனைவோரிடம் காணப்படும் தவறு, தலையிலிருந்து தொடங்குவது. கழுத்து வளைந்து மூக்கு உள்ளே வந்துவிட்டால் குதிரை ‘வேலை செய்கிறது’ என்று பார்வையாளர் நினைக்கலாம். பயிற்றுநர் நினைக்கக் கூடாது. ஜெர்மானியப் பயிற்சிப் படிநிலை தாளம், இறுக்கமின்மை, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, உடல் நேராக இருத்தல், திரட்சி (எடையைப் பின்னங்கால்களில் அதிகம் தாங்குதல்) என்ற வரிசையில் செல்கிறது. கடிவாளத் தொடர்பு அதில் மூன்றாவதாகத்தான் வருகிறது. அதுவும் பின்னங்கால்களிலிருந்து எழும் விசை முதுகின் வழியே வந்து வாயிரும்பை நாடுவதால் உண்டாக வேண்டியது. கையால் இழுத்து உண்டாக்கியது தொடர்பே அன்று. 1921இல் நிறுவப்பட்ட சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரெஸ்ஸாஜ் விதிகளும், காதுகளுக்குப் பின்னுள்ள உச்சியே கழுத்தின் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும், மூக்குக் கோடு செங்குத்துக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. வாக் எனும் நடை நான்கு தாளம், டிராட் இரண்டு, கேண்டர் எனும் பாய்ச்சல் நடை மூன்று. இந்தத் தாளம் கெட்டிருக்கும்போது தலையைப் பற்றிப் பேசுவது வீண்.

களத்தின் வடிவக் கணக்கிலும் அலட்சியம் மிகுதி. பயிற்சிக்களத்தின் ஓரங்களில் இடங்களைக் குறிக்க எழுத்துகள் வைக்கப்பட்டிருக்கும். 20 மீட்டருக்கு 40 மீட்டர் களத்தில், குறுகிய பக்கத்தின் நடுவிலுள்ள ஏ என்ற எழுத்தில் தொடங்கும் 20 மீட்டர் வட்டம் நீண்ட பக்கத்தைத் தொட வேண்டிய இடம் மூலையிலிருந்து 10 மீட்டர் தூரம். ஆனால் நீண்ட பக்கங்களிலுள்ள கே, எஃப் எழுத்துகள் மூலையிலிருந்து 6 மீட்டரில் இருக்கின்றன. எழுத்து கண்ணுக்குத் தெரிவதால் ‘கேயைத் தொடுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மாணவர் மூலைக்குள் நுழைகிறார், வட்டம் சதுரமாகிறது, குதிரை வளைவை இழக்கிறது. பிறகு குதிரை வளைய மறுப்பதாகப் புகார் வேறு! வட்டம் தொட வேண்டிய நான்கு இடங்களிலும் கூம்பு வைத்துவிட்டால், பேச்சில் பாதி குறையும்.

தரையில் நிற்கும் பயிற்றுநர் பிடித்திருக்கும் நீண்ட லஞ்ச் கயிற்றில் குதிரையை வட்டமாகச் செல்லவைத்துக் கற்பிப்பதைத் தொடக்கநிலை மாணவருக்கான விளையாட்டாகக் கருதித் தேர்வுக்கு முந்தைய வாரம் வரை ஒத்திப்போடுவோர் உண்டு. குதிரையின் வேகத்தையும் வட்டத்தின் அளவையும் தரையிலிருந்தே கட்டுப்படுத்திக்கொண்டு, கடிவாள வார் இல்லாமல் அமர்ந்திருக்கும் ஒருவரின் இருக்கையையும் கவனிப்பது எளிதன்று. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது விரலையே பறிக்கக்கூடிய பழக்கம். மடிப்பு மடிப்பாகப் பிடிக்க வேண்டும், கையுறை அணிய வேண்டும்.

பாதுகாப்பில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை, சலிப்பால் வருகின்றன. ஏறும் முன் வயிற்றுவாரை இறுக்கியிருப்பார்கள். சில நிமிடம் நடந்த பின் அது தளரும் என்று தெரிந்திருந்தும் மறுபடி பார்க்கமாட்டார்கள். கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட், வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் மாற்றப்பட வேண்டியது. அது லாயத்தின் ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கும். குழு வகுப்பில் இரண்டு குதிரைகளுக்கு நடுவே குறைந்தது ஒரு குதிரை நீளம் இடைவெளி இருக்க வேண்டும் என்பதை முதல் ஐந்து நிமிடம் மட்டும் வலியுறுத்துவார்கள். எல்லாவற்றிலும் மோசமானது, பயந்த மாணவருக்குப் பதற்றமான குதிரையைக் கொடுப்பதும், எடையைக் கேட்கக் கூச்சப்படுவதும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. குதிரைக்கு வயதோ முதுகுவலியோ இருந்தால் அதற்கும் கீழேயே நிறுத்த வேண்டும்.

தேர்வு நாளன்று மனப்பாடம் செய்த பாடத்திட்டத்தை அப்படியே ஒப்பிப்பவர்கள் தோற்பது வழக்கம். முன்பின் அறியாத மாணவரும் குதிரையும் கொடுக்கப்படும்போது, அனுபவத்தையும் பழைய காயங்களையும் விசாரித்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, திட்டத்தை அங்கேயே மாற்றிக்கொள்ளும் துணிவைத்தான் தேர்வாளர் தேடுகிறார். களத்தின் நடுவிலேயே ஆணி அடித்தாற்போல் நிற்பதும் கூடாது. இடம் மாறாமல் பார்ப்பவருக்கு, இடப்பக்கம் சரிந்து அமர்ந்திருக்கும் மாணவர் கடைசிவரை நேராகத்தான் தெரிவார்.

சான்றிதழ் வந்த மறுநாளே தனியாகத் தொழில் தொடங்குவது இன்னொரு அவசரம். அனுபவமுள்ள ஒருவரின் கீழ் உதவிப் பயிற்றுநராக ஓராண்டாவது இருந்தால், விழுந்த மாணவரை எப்போது எழுப்பக் கூடாது, மிரண்ட குதிரை களத்தில் ஓடும்போது மற்றவர்களை எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் பொறுப்பு முழுதும் தன் தலையில் விழாத நிலையில் கற்றுக்கொள்ளலாம். தனியாகத் தொடங்கும்போது, மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு, காலாவதியாகாத முதலுதவிச் சான்று, சிறுவர்களுக்குக் கற்பிப்பதானால் அந்த நாடு கோரும் பின்னணிச் சரிபார்ப்பு ஆகிய மூன்றும் முதல் வகுப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மாணவர் விழும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், குதிரை, நடந்தது, செய்த உதவி ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். காயமே இல்லை என்று மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எழுதத்தான் வேண்டும், ஏனெனில் தலையில் பட்ட அடியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.