ஜாக்கெட் பைக்குள் திறந்துகொண்ட கத்தரி

நுவரெலியாவில் ரோஜா வளர்ப்பவன் நான். கிளைகளை நறுக்கும் கையடக்கமான கவ்வாத்துக் கத்தரி ஒன்று எப்போதும் ஜாக்கெட் பையில் கிடக்கும். ஒருநாள் காலை பனிமூட்டத்தில் பைக்குள் கையை விட்டேன், பெருவிரல் கிழிந்தது. பூட்டித்தான் போட்டிருந்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு புரிந்தது. பூட்டுக் கொக்கி கைப்பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. நடக்கும்போது துணி உரசினால் நகரும். மீதியை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். கொக்கி உட்கார ஒரு பள்ளம்கூட இல்லை. இதை வரைந்தவர் ஒருநாளும் பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்க மாட்டார்!

முதலில் சைக்கிள் டியூப்பில் வளையம் வெட்டி மாட்டினேன். பிடித்தது, ஆனால் குளிரில் விரல் விறைத்தால் கழற்ற முடியவில்லை. அப்புறம் கொக்கியின் திருகாணியைக் கழற்றி, அடியில் ஸ்பிரிங் வாஷர் ஒன்றைச் செருகினேன். துருத்திய நுனியை ராவினேன். கொக்கி நிற்கும் இடத்தில் முக்கோண அரத்தால் சின்னப் பள்ளம், நாலே இழுப்பு. அதுவே ஆழம் கூடி, கத்தரி திறக்கவே மறுத்தது. பள்ளத்தின் ஒரு ஓரத்தைச் சரிவாக்கிய பிறகுதான் சரியானது.

இப்போது 'டக்' என்று உட்காருகிறது. கிழிந்த பையைத்தான் மனைவி இன்னும் தைத்துத் தரவில்லை.