பழைய துறைமுகக் கரையில் நகர்ப்பகுதி கட்டுவோருக்கு

கட்டடக் கலைஞரை அழைப்பதற்கு முன் சுழியோடியை இறக்குங்கள். பழைய துறைமுக நிலம் பார்வைக்கு மட்டும்தான் நிலம். உண்மையில் அது ஒரு சுவர். அதன் பின்னால் மண்ணும் செங்கல் துண்டும் நிலக்கரிச் சாம்பலும் கொட்டி நிரப்பப்பட்டிருக்கும். அந்தச் சுவர் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும் என்று தெரியாமல் மேலே எதை வரைந்தாலும் அழித்துத்தான் வரைய வேண்டிவரும்.

கொழும்பில் பலரும் முதலில் போர்ட் சிட்டியைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அது கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் புது மணல். முன்னைய குடியிருப்பாளர் இல்லை, பழைய எண்ணெய்க் கசிவு இல்லை. கோட்டை, புறக்கோட்டை, கொச்சிக்கடைப் பக்கத்துக் களஞ்சியசாலைகளோ பேர வாவிக் கரையின் பழைய பண்டகசாலைகளோ அப்படியல்ல. அங்கே எடுத்த பாடத்தை இங்கே அப்படியே போடாதீர்கள்.

காணி யாருடையது

துறைமுக அதிகார சபை, ரயில்வே, சுங்கம், நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை என்று ஒரே துண்டில் பலர் கை வைத்திருப்பார்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருஷப் பதிவுகளைப் பாருங்கள். உப குத்தகைகளையும் விடாதீர்கள். உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம் என்பதால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எதுவும் நகராது. துறைமுகப் பாதுகாப்பு வேலியும் சுங்க எல்லையும் எங்கே நகரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நடைபாதை முடிந்த பிறகும் வேலி அசையாமல் நிற்பதுதான் இந்த வகை வேலையில் அடிக்கடி நடக்கும் தாமதம்.

சுவர்

செலவும் கவனமும் அதிகம் போக வேண்டிய இடம் இதுதான்.

கல் அல்லது கொங்கிறீட் கட்டிகளால் அடுக்கிய சுவரென்றால், சுழியோடி 5 மீற்றருக்கு ஒரு கோடாக மேலிருந்து அடிவரை வீடியோ எடுக்கட்டும். இரண்டு கட்டிகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பின்னாலிருக்கும் மண் அதன் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரும்புத் தகடு இறக்கிய சுவரென்றால், சிப்பியும் பாசியும் படிந்த இடத்தை உள்ளங்கை அளவுக்குச் சுரண்டி, தடிப்பை மீயொலிக் கருவியால் அளக்க வேண்டும். ஒவ்வொரு உயரத்திலும் மூன்று அளவு. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் துரு ஒரு ஒடுங்கிய பட்டையிலேயே வேலை பார்க்கும். தாழ்நீர்மட்டத்துக்குக் கீழே அரை மீற்றரிலிருந்து, அலை தெறிக்கும் உயரம் வரை தேடுங்கள். மேலும் கீழும் தகடு புதிதுபோல இருக்க, நடுவில் காகிதமாகத் தேய்ந்திருக்கும்.

பின்னால் பொந்து விழுந்திருக்கிறதா என்று தரை ஊடுருவும் ரேடாரால் பார்க்கலாம் என்பார்கள். உப்பு நீர் ஊறிய மண்ணில் அது குருடு. கூம்பு முனைக் கம்பியை 5 மீற்றருக்கு ஒரு தடவை இறக்கிப் பார்ப்பதுதான் நம்பகம். கம்பி திடீரென்று எதிர்ப்பின்றி இறங்கினால் அங்கே வெற்றிடம்.

பெருமழைக்குப் பிறகு விளிம்பில் தரை தட்டுப்போல அமிழ்ந்தால், மேலிருந்து கொங்கிறீட் ஊற்றி மூடுவதுதான் வழமை. அடுத்த மாரியில் அதே பள்ளம் பக்கத்தில் வரும், ஏனென்றால் சுவரின் ஓட்டை அப்படியே இருக்கிறது. முதலில் கடல் பக்கத்திலிருந்து இடைவெளியை அடைத்து மூடுங்கள். பிறகு உள்பக்கம் வடிதுணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), அதன் பின் பெரியதிலிருந்து சிறியதாகக் கல் அடுக்கு, கடைசியில் மண்.

நீர்கசிவுத் துளைகள் அடைபட்டிருந்தால் மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கும். உள்ளே நீர்மட்டம் கடலைவிட ஒரு மீற்றர் உயர்ந்தால் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ ஒரு தொன் கூடுதல் அழுத்தம். துளைகளைத் திறந்து, கடல்நீர் திரும்ப வராமல் மடிப்பு வால்வு போடுங்கள்.

இன்னொன்று: பல சுவர்களைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருப்பது மண்ணுக்குள் புதைந்த இரும்புக் கம்பிகள். அவை 10, 20 மீற்றர் உள்ளே போய் நங்கூரத் தகட்டில் முடியும். பழைய வரைபடத்தில் இருக்கும் இடமும் மண்ணுக்குள் இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. குழி வெட்டிக் கண்டுபிடித்து, தரையில் சிவப்புப் பெயின்றால் கோடு போடும்வரை பைலிங் இயந்திரத்தை (நிலத்தில் அத்திவாரத் தூண் இறக்குவது) உள்ளே விடாதீர்கள். ஒரு கம்பி அறுந்தால் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், அதுவும் துருப்பிடித்ததுதான்.

நல்ல செய்தியும் உண்டு. சுவர் நல்ல நிலையில் இருந்தால், சரக்கு அடுக்கக் கட்டிய துறைமேடை சனக்கூட்டத்தைத் தாராளமாகத் தாங்கும். மரத்துக்கு வைக்கும் ஈர மண்ணும் தீயணைப்பு வாகனமும்தான் கணக்குப் பார்க்க வேண்டிய பாரங்கள். கட்டடங்களைச் சுவர் உயரத்தின் ஒன்றரை மடங்காவது தள்ளி வையுங்கள்: 10 மீற்றர் சுவரென்றால் 15 மீற்றர். அதற்குள் வந்தால் ஆழ்பைல் மேல்தான்.

மண்

20 முதல் 25 மீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மீற்றர் ஆழத்திலும் மாதிரி எடுங்கள். எண்ணெய், நிலக்கரித் தார் எச்சம், ஈயம், அஸ்பெஸ்டஸ், பழைய மின்மாற்றி எண்ணெய் ஆகியவற்றைச் சோதியுங்கள். கெட்ட மண்ணை எல்லா இடத்திலும் அள்ளத் தேவையில்லை. பின்னால் தோண்டுபவருக்கு எல்லை தெரிய நிறத்துணி விரித்து, மேலே ஒரு மீற்றர் சுத்த மண் போட்டால் பல இடங்களுக்குப் போதும். ஆனால் நிலவறை தோண்டினால் அந்த மண் எங்கே போகும்? 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. அதைக் கண்ட நகரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நிலவறை வரையக்கூடாது.

தரைமட்டமும் மழையும்

சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கூட்டுங்கள். பெருக்குக்கு ஏறத்தாழ 0.4 மீற்றர். 2100க்குள் கடல் உயர்வு, அதிக உமிழ்வு நிலையில் ஐபிசிசி (காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. நிபுணர் குழு) சொல்லும் சாத்தியமான வீச்சின் மேலெல்லை ஏறத்தாழ 1 மீற்றர். பாதுகாப்பு இடைவெளி 0.5. அலை ஏறும் உயரம் இதற்கு மேல். அது அலைதாங்கிக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பொறுத்து மாறும். ஜெர்மனியில் ஹம்பேர்க்கின் பழைய துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டியில் கட்டடங்களைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 8 மீற்றர் உயரத்தில் வைத்தார்கள். அது எல்ப் நதியில் ஏறும் புயல் வெள்ளத்துக்கான கணக்கு. இங்கே நிலத்தை அவ்வளவு உயர்த்தினால் கெடுதல்தான்.

கொழும்பில் வெள்ளம் பெரும்பாலும் கடலிலிருந்து வருவதில்லை, வானத்திலிருந்து வருகிறது. 2010 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 440 மில்லிமீற்றர் கொட்டியது. 10 ஹெக்டேயரில் அது 44,000 கனமீற்றர் தண்ணீர். உங்கள் காணியை ஒன்றரை மீற்றர் உயர்த்தினால், அதுவரை கடலுக்கு ஓடிய தண்ணீர் பின்னாலிருக்கும் தெருவில் நிற்கும். செட்டியார் தெருக் கடைக்குள் புகும். ஆகவே பழைய தெருக்கள் கரையைத் தொட்ட கோடுகளிலேயே வடிகான் வழிகளைத் திறந்து வையுங்கள். வாயில் மடிப்புக் கதவு, கடல் பெருக்கில் மழை வந்தால் இயங்கப் பம்பி. உங்கள் காணியின் நீரோடு மேலிருந்து வரும் நீரையும் சேர்த்து அளவைத் தீர்மானியுங்கள்.

ஐந்து நாள் மழையில்லாத பிறகு போய் மழைநீர் வடிகானைப் பாருங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது கழிவுநீர். நிறச்சாயம் ஊற்றி எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது என்று மேல்நோக்கித் தேடி இணைப்பை மாற்றுங்கள். பேர வாவி பச்சைபிடித்து நாறுவதற்கு இப்படி வந்து சேரும் கழிவு ஒரு பெரிய காரணம். அதை நிறுத்தாமல் கரையில் எவ்வளவு அழகான படிக்கட்டுக் கட்டினாலும் யாரும் உட்காரமாட்டார்கள்.

தெருவும் கீழ்த்தளமும்

இருக்கும் தெருக்களைத் தண்ணீர்வரை நீட்டுங்கள். குறுக்கே மதில் போட்ட வளாகம் வேண்டாம். இரண்டு தெருக்களுக்கு நடுவே கட்டத் துண்டு 60–80 மீற்றர். கீழ்த்தளம் 4.5 மீற்றர் உயரம், கடை முகப்பு 4 மீற்றர் அகலம், அப்போதுதான் சிறு வியாபாரிக்கு வாடகை கட்டும். கரையோரம் 12 மீற்றர் பொதுவழி. 1859இல் காலிமுகத்திடல் நடைபாதையை முடித்த ஆளுநர் வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் என்று பின்வருவோரிடம் ஒப்படைத்துக் கல்லில் பொறித்தார். நீங்கள் இந்தப் பொதுவழியைக் காணி உறுதியில் எழுதிப் பதியுங்கள். இறால் வடை வண்டிகளுக்கு 20 மீற்றருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவெண்ணெய்த் தொட்டி தேவை. உப்புக் காற்றுக்கு பூவரசும் புன்னையும் நிற்கும்.

பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து மட்டும். சீமெந்து பூசினால் உப்பு உள்ளே அடைபட்டுச் செங்கல்லைத் தூளாக்கும்.

ஏற்கெனவே இருப்பவர்கள்

திட்டத்தை அறிவிக்கும் முன் வீடுவீடாகக் கணக்கெடுங்கள். உறுதி உள்ளவர்கள் மட்டுமல்ல. வாடகைக்கு இருப்பவர், ஒரு அறைக்குள் இரண்டு குடும்பம், வண்டி இழுக்கும் நாட்டாமை (சுமைத் தொழிலாளி) எல்லோரும் பட்டியலில் வரவேண்டும். பன்னிரண்டாம் மாடியில் வீடு கொடுத்தால் கைவண்டியை எங்கே நிறுத்துவார்? வீடு ஒரு கிலோமீற்றருக்குள், வண்டித் தரிப்பிடம் கீழ்த்தளத்தில். ஆடிவேல் தேர் செல்லும் பாதையில் மேல்வயர்களின் உயரத்தைக் குறைக்காதீர்கள். யூன் 13 அந்தோனியார் திருவிழாவை ஒட்டிய நாட்களில் கொச்சிக்கடையில் வீதி வெட்டாதீர்கள்.

விற்பதும் காப்பதும்

வடிகான், மின்சாரம், வீதி முடியாமல் துண்டு விற்கவேண்டாம். ஹாஃபன்சிட்டியில் வாங்குபவருக்கு முதலில் காணியை ஒதுக்கி மட்டும் வைப்பார்கள். அவர் வடிவமைத்து அனுமதி பெற்ற பிறகே விற்பனை. காணியை வாங்கிப் பூட்டி வைத்து விலையேறக் காத்திருப்பவரை இது தடுக்கும். பக்கத்தில் துறைமுகம் இரவும் பகலும் இயங்கும் என்பதை ஒவ்வொரு வீட்டு உறுதியிலும் எழுதுங்கள். படுக்கையறையைக் கிரேன் பக்கம் வைக்காதீர்கள்.

சுவரைப் பராமரிப்பவர் யார் என்பதை விற்பனைக்கு முன் முடிவுசெய்து, பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். விளிம்பில் 20 மீற்றருக்கு ஒரு பித்தளைக் குமிழ் பதித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டம் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சுழியோடி. இரண்டு அளவுகளுக்கு நடுவே 10 மில்லிமீற்றருக்கு மேல் அசைவு தெரிந்தால், அன்றைக்கே விளிம்பிலிருந்து 5 மீற்றரை அடைத்துவிட்டு ஆளைத் தண்ணீரில் இறக்குங்கள்.