மழையில் நிற்பவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசாதீர்கள்

சென்ற வாரம் பயிற்சி வகுப்பில் ஓர் இளம் பேச்சாளர் இருபது நிமிடம் தங்குதடையின்றிப் பேசினார். கண்கள் மட்டும் கடைசி வரிசைக்கும் மேலே, கூரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அரசியல் மேடைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை நடுக்கம், தொண்டை வறட்சி, நாக்குக் குழறல் பற்றி எழுதப்போவதில்லை. பத்து மேடை ஏறினால் அவை தாமாகவே போய்விடும். தாமாகப் போகாத சில தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

முழு உரையையும் மனப்பாடம் செய்வது

என் முதல் தேர்தல் கூட்டம் பகலில் என்று சொல்லியிருந்தார்கள். "கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல்" என்று தொடங்கும் உரையை ஒரு வாரம் உருப்போட்டிருந்தேன். கூட்டம் தாமதமாகி, என் முறை வந்தபோது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. மக்கள் நாற்காலிகளைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து நின்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையை முந்தானையால் மூடியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெயிலைப் பற்றித்தான் பேசினேன். முதல் வாக்கியத்தை மாற்றினால் இரண்டாவது வராது என்ற பயம். சில நிமிடங்களில் கூட்டம் கலைந்தது. கண்முன் பெய்யும் மழையே தெரியாதவருக்கு எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவது எங்கே தெரியப்போகிறது என்று அந்தப் பெண் நினைத்திருந்தால் அதில் தவறே இல்லை. "நனைகிறீர்கள், இரண்டே நிமிடம்" என்று சொல்லியிருக்கலாம். இன்றும் மனம் ஆறவில்லை.

குறிப்பைப் பார்ப்பது கௌரவக் குறைவு என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சிலும் தொடக்கத்தில் மனப்பாடம் செய்துதான் பேசினார். 1904-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பாதிப் பேச்சில் வரிகள் மறந்துபோய், தொடர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் விரிவான குறிப்புகளோடுதான் பேச எழுந்தார். 1940-ன் போர்க்கால உரைகளும் எழுதி எடுத்துவந்தவையே.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கும் எழுதிய உரையோடுதான் நின்றார். கனவைப் பற்றிச் சொல்லும்படி பாடகி மஹாலியா ஜாக்சன் குரல் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கிங் தாளை விட்டுவிட்டார். உலகம் இன்று நினைவில் வைத்திருக்கும் "எனக்கொரு கனவு உண்டு" என்ற பகுதி அந்தத் தாளில் இல்லை. ஆனால் அது திடீரென்று உதித்ததும் இல்லை. அதே ஆண்டு டெட்ராய்ட்டில் அவர் ஏற்கெனவே பேசியதுதான். வரிகளை உருப்போடுவது வேறு, கருத்து மனத்தில் ஊறிக்கிடப்பது வேறு. ஊறியிருந்ததால்தான் கூப்பிட்டதும் வந்தது.

நான் இப்போது ஒரு சீட்டில் நான்கைந்து கருத்துகளை மட்டும் எழுதிக்கொள்கிறேன். கடைசி வாக்கியத்தை முழுதாக எழுதிவிடுவேன். முதல் வாக்கியத்தை எழுதுவதில்லை. மேடையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்த பிறகே அதை முடிவு செய்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே உச்சக்குரல்

பிறகு ஏற இடமிருக்காது.

தலைவரின் குரலில் பேசுவது

கரகரப்பையும் இழுவையையும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் சிறைவாசத்தையும் அலைச்சலையும் எடுத்துக்கொள்ள முடியாதே.

கைதட்டலுக்கு நடுவே பேசுவது

நிறுத்துங்கள். அடங்கட்டும்.

கூரையைப் பார்ப்பது

அந்த இளைஞரிடம், "உரை கிடக்கட்டும், எதிரே என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு கண்களை இறக்கி, கடைசி வரிசையைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு நான் பேசுவது கேட்கிறதா?" என்றார். அங்கிருந்தவர் இல்லை என்று தலையசைத்தார்.